காத்தமுத்துவின் இளைய பிள்ளை

புரட்டாசி இரண்டாவது வாரத்தில் தமிழ்நிலாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் பாடுகிற மூன்று பெண்களில் அவள் ஒருத்தி. அன்றைக்குப் பாட்டு பாதியில் பிளந்து, மேலே ஒரு குரலும் கீழே ஒரு குரலுமாகப் போய்விட்டதாம். சாயங்காலம் வந்து அதைச் செய்து காட்டினாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

"மழையில நனைஞ்சிட்டு ஐஸ் வாங்கித் திங்காதன்னா கேட்டாத்தான?" என்று அம்மா நாகஜோதி கற்பூரவல்லி இலையைப் பறித்துக் கசாயம் வைத்தாள்.

அவர்கள் ஊர் கொடைரோட்டிலிருந்து நிலக்கோட்டை போகிற பாதையில் உள்ளே தள்ளிக் கிடந்தது. கிழக்கே சிறுமலை. காத்தமுத்துவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லி. மூத்தவள் ஜீவிதா பன்னிரண்டாம் வகுப்பு, இளையவள் தமிழ்நிலா எட்டாம் வகுப்பு. விடிவதற்கு முன்னால் பூ எடுக்க ஆள் இறங்கிவிடும். ஐந்து வயதிலிருந்தே இளையவளும் அப்பாவோடு இறங்கிவிடுவாள். தூரத்து வரிசையில் அவள் உருவம் தெரியாது, குரல்தான் வரும். "அப்பா, இங்கன ஒரு தேன்சிட்டுக் கூடு இருக்கு, யாரும் இந்தச் செடியில கை வைக்காதீக." நூல் மாதிரிக் குரல். பனிக்குள் அது வருகிற திசையை வைத்தே பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறது என்று காத்தமுத்து சொல்லிவிடுவார்.

கசாயத்துக்குத் தொண்டை கேட்கவில்லை. மிளகுப் பால் கொடுத்தார்கள், சித்தரத்தையை வாயில் அடக்கச் சொன்னார்கள். தீபாவளியும் போய்விட்டது, குரல் ஆம்பளைக் குரல் மாதிரித் தடித்துக்கொண்டே போனது. பூ எடுக்க வருகிற புவனேஸ்வரி, "ஏத்தா, உங்கப்பாருதான் கூப்பிடுறாருன்னு எந்திரிச்சு ஓடியாந்தேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றைக்குத் தமிழ்நிலா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வயலில் அவள் வாயே திறக்கவில்லை.

நாகஜோதிக்கு வேறு கவலை. ஜீவிதா பன்னிரண்டிலேயே வயதுக்கு வந்துவிட்டாள். இவளுக்குப் பதிமூன்று முடியப் போகிறது. கூடப் படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேர் வீட்டுச் சடங்கிலும் சாப்பிட்டு வந்தாகிவிட்டது. இங்கே தோள் அகலமாகிக்கொண்டு போனது. மேலுதட்டில் பூனைமுடி கறுத்தது. ஒருநாள் வகுப்பு டீச்சர் மரியசெல்வி, நாகஜோதியைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லித் தனியாக உட்காரவைத்துப் பேசினார். "தொண்டைக்குப் பாத்தது போதும்மா. திண்டுக்கல்ல குர்ஷித் பேகம்னு ஒரு டாக்டர் இருக்காங்க. பொறுமையாப் பேசுவாங்க. போய்ப் பாருங்க. பயப்படாதீங்க." பயப்படாதீங்க என்று சொன்ன பிறகுதான் நாகஜோதிக்குப் பயமே வந்தது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வர மார்கழி ஆகிவிட்டது. மார்கழிப் பனியில் மல்லி மொட்டு வைப்பது அபூர்வம். வயலில் வேலை குறைவு. புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையுமாகத் திண்டுக்கல் பஸ் ஏறினார்கள்.

"ஜோதி, பிள்ள செத்த நேரம் வெளிய இருக்கட்டும்" என்று காத்தமுத்து மெல்லச் சொன்னது டாக்டரம்மா காதில் விழுந்துவிட்டது.

"வேணாங்க. அவங்க உடம்பப் பத்தி அவங்க இல்லாம பேசக்கூடாது. நீ வாம்மா, இப்படி எம்பக்கத்துல உக்காரு."

சுற்றி வளைக்காமல் சொன்னார். வயிற்றில் உருவாகும்போதே இது ஆண் குழந்தைதான். ஆனால் வெளி உடம்பு அப்படி வளர்வதற்கு ஒரு ஹார்மோன் சுரப்பு முழுசாகப் பக்குவப்பட வேண்டும். அதைப் பக்குவப்படுத்துகிற பொருள் இந்த உடம்பில் பிறவியிலேயே இல்லை. அதனால் பிரசவம் பார்த்தவர்களுக்குப் பெண்ணாகத் தெரிந்திருக்கிறது. இப்போது வயது வந்த நேரத்தில் ஆண் சுரப்பு அதிகமாக ஊறுகிறது. குரல் உடைந்தது அதனால்தான்.

"சொந்தத்துல கட்டுனீங்களா?"

"தாய்மாமன் மக" என்றார் காத்தமுத்து.

"சொந்தத்துல கட்டுன இடத்துல இது கொஞ்சம் கூடுதலா வரும். அதுக்காக உங்க மேல தப்புன்னு இல்ல."

காத்தமுத்து துண்டை மடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "நாந்தான் டாக்டரம்மா இத ஆம்பளப் பிள்ள மாதிரி வளத்தேன். மோட்டார் போட, மருந்தடிக்க, டிராக்டர் மேல ஏத்தி ஸ்டியரிங்க புடிக்க, அம்புட்டும் நாந்தான் பழக்குனேன். அதனால இப்படி ஆகிப்போச்சா?"

நாகஜோதி அவரை முந்திக்கொண்டாள். "அப்ப நான் வளத்தது? தினம் தல பின்னி, பூ வச்சு, வளவி போட்டு... பதிமூணு வருசமாச் செஞ்சேனே. அதெல்லாம் எங்க போச்சு?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அண்ணே, சின்ன வயசுல நான் ஏறாத புளியமரம் இல்ல. எனக்கு மீசையா மொளைச்சிருச்சு? நீங்க பழக்குனதால எதுவும் ஆகல. அம்மா, நீங்க செஞ்சதும் எங்கயும் போகல. பிள்ள பயமில்லாம வளந்திருக்கு பாருங்க, அதுதான் அது. நான் யாருன்னு ஒரு பிள்ள மனசுல தெரியுதே, அதுல உடம்புக்கும் பங்கு இருக்கு, வளப்புக்கும் பங்கு இருக்கு. எது எம்புட்டுன்னு அளந்து சொல்ல எங்களுக்கே தெரியாது. இப்படிப் பொறந்த பிள்ளைங்கள்ல சிலது பொண்ணாவே இருந்துக்கிறேங்கும். பலது பையன்னு சொல்லும். இதுதான்னு அவசரப்பட்டுக் கத்தி வைக்கிற வேலை இப்ப வேண்டாம். பிள்ள சொல்லட்டும். நாம கேட்டுக்குவோம்."

எல்லோரும் தமிழ்நிலாவைப் பார்த்தார்கள். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்றாள், அந்தப் புதுக் குரலில்.

வீட்டில் அதற்குப் பிறகு பேச்சு குறைந்துபோனது. பேசினாலும் யாரும் அவள் என்றும் சொல்லவில்லை, அவன் என்றும் சொல்லவில்லை. "பிள்ள சாப்டுச்சா?" "அது படிச்சிக்கிட்டு இருக்கு." அந்தப் பக்கத்துப் பேச்சில் பிள்ளைகளை அப்படிச் சொல்வதுதான் வழக்கம் என்பதால் வெளியாளுக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. ஜீவிதா ஒருநாள் பீரோவிலிருந்து தன் பழைய பாவாடை தாவணிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தங்கச்சிக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்ப்பா. அரக்குக் கலரு அதுக்கு நல்லா இருக்கும்னு..." என்றவள், மறுபடி மடித்து உள்ளேயே வைத்துவிட்டாள்.

காத்தமுத்துவுக்கு வயலுக்குப் போனாலும் பிடிக்கவில்லை, மார்க்கெட்டுக்குப் போனாலும் பிடிக்கவில்லை. எந்த நேரமும் பழசே வந்துகொண்டிருந்தது. ஒரு வருசம் வடமதுரைத் தேருக்குப் போனபோது, தமிழ்நிலா அடம் பிடித்து முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலமே வேப்பமரத்தில் ஏறி அத்தனையையும் உடைத்துக்கொண்டு, கையெல்லாம் கீறலோடு வந்து நின்றாள். அழவில்லை. "மரத்துல ஏறும்போது வளவி சத்தம் நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. இப்போது அதை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் வளையல் கேட்டது யார், மரத்தில் ஏறியது யார் என்று பிரிக்கப் பார்த்தார். பிரிக்க வரவில்லை. ஒரே பிள்ளைதான் இரண்டும் செய்தது.

செல்போனில் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்று கிடந்தது. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் தராசுக்காரர்கள் கூவிக்கொண்டிருக்க, ஒரு ஓரமாகப் போய் அதைக் காதில் வைத்துக் கேட்டார். "அப்பா, வரும்போது பரோட்டா வாங்கிட்டு வா. அக்காவுக்கு வேணாமாம். எனக்கு ரெண்டு. சால்னா தனியா கட்டச் சொல்லு." அவ்வளவுதான். மூன்று தடவை கேட்டார். பிள்ளை வீட்டில்தான் இருந்தது, நன்றாகத்தான் இருந்தது. இந்தக் குரல் மட்டும் இனி இந்தப் பூமியில் எங்கேயும் இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? துட்டியா விழுந்தது, வந்து துக்கம் கேட்பதற்கு?

அவர் நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. தை பிறந்ததும் வடமதுரையிலிருந்து அவருடைய அக்கா மூக்காயி வந்து இறங்கினாள். நாகஜோதி யாரிடமோ போனில் சொல்லி அழுதது, சுற்றிக்கொண்டு அவள் காதுக்குப் போயிருந்தது. பையில் வெற்றிலை, தேங்காய், ஒரு சீப்பு பழம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"ஏலே காத்தா! குலசாமி கண்ணத் தொறந்துட்டாருடா! ரெண்டும் பொட்டையாப் போச்சே, எந் தம்பிக்குக் கொள்ளி வைக்க ஆளில்லையேன்னு நான் அழுகாத நாளு உண்டா? இந்தா வந்துட்டான்ல!"

"யக்கா, மெல்லப் பேசு."

"எதுக்கு மெல்லப் பேசணும்? ஊரக் கூட்டுவோம். மாசி பிறந்ததும் கெடா வெட்டிப் பொங்க வைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன். எங்கய்யா ராமர் பேரையே வச்சிருவோம். நாகஜோதி, நீ ஏன்டி இழவு வீடு மாதிரி உக்காந்திருக்க? இன்னைக்குத்தான் இந்த வீட்டுக்கு ஒரு பிள்ள வந்திருக்கு. எந்திரிச்சு வெஞ்சனம் என்னன்னு பாரு. கறி எடுத்துட்டு வரச் சொல்லு."

அடுப்படி நிலையில் ஜீவிதா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தமிழ்நிலா. மூக்காயி எழுந்து போய் இரண்டு கையாலும் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். "எஞ் சிங்கமே!"

தமிழ்நிலா அந்தக் கைகளை எடுத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் கொல்லை வழியாக வெளியே போய்விட்டாள்.

செத்த நேரம் கழித்துக் காத்தமுத்து தேடிக்கொண்டு போனார். மோட்டார் ரூமில்தான் இருந்தாள். தொட்டித் திண்டில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படிக் கூப்பிடுவது என்று அவர் தடுமாறினார். ஆத்தா என்றுதான் எப்போதும் கூப்பிடுவார். அது வாய்வரை வந்து நின்றது.

"சாமி" என்றார். "டாக்டரம்மா கேட்டாகளே. யோசிச்சியா?"

"யோசிக்க என்னப்பா இருக்கு? நாலாப்புலயே தெரியும். பசங்க ஒரு வரிசை, பிள்ளைக ஒரு வரிசைன்னு நிக்கச் சொல்லுவாகள்ல, எங்காலு பசங்க பக்கம்தான் போகும். நானே இழுத்து இந்தப் பக்கம் வச்சுக்கிருவேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருக்கும், எல்லாரும் இழுத்து வச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாகன்னு நெனச்சேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"என்னன்னு சொல்றது? அதுக்கு ஒரு பேரு தெரிஞ்சாத்தான சொல்ல முடியும்?"

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. காத்தமுத்துவுக்கு அடுத்த கேள்வியைக் கேட்க நெஞ்சு வரவில்லை. கேட்டார்.

"அப்ப நாங்க வளத்தது பூராவும் ஒனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சா?"

"யாரு சொன்னா? அம்மா தல பின்னும்போது தூக்கம் வரும். அது பிடிக்கும். ஒங்கூடப் பூ எடுக்கப் பிடிக்கும். அக்காகூட ஒரே போர்வையில படுக்கப் பிடிக்கும். பாவாடைதான் பிடிக்காது." கொஞ்சம் நிறுத்தி, "நான் பையன்தாம்ப்பா. எனக்கு நல்லாத் தெரியும். அதுக்கு அழுகல" என்றது.

"பெறகு எதுக்கு அழுகுற?"

"அத்தை சொல்லுது, இன்னைக்குத்தான் வீட்டுக்கு ஒரு பிள்ள வந்திருக்காம். அப்ப இத்தன வருசமா ஒங்கூடப் பூ எடுத்தது யாருப்பா? அத்தை எனக்கு நெட்டி முறிக்குது, அக்கா பக்கத்துலதான் நிக்குது. அக்கா பிள்ள இல்லையா?"

காத்தமுத்து கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். பிள்ளையின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். எண்ணெய் தேய்த்த ஜடை அவர் கழுத்தில் கிடந்தது. பிறகு எழுந்து வீட்டுக்குப் போனார்.

"யக்கா, கெடா வேணாம்."

"ஏலே, நேந்துக்கிட்டேன்டா!"

"என் வீட்டுல புதுசா ஒண்ணும் பொறக்கல. இது பொறந்து பதிமூணு வருசம் ஆச்சு. அன்னைக்கே பெரியாஸ்பத்திரி வாசல்ல ரெண்டு கிலோ லட்டு வாங்கிக் குடுத்தேன். ரெண்டாவதும் பொண்ணுன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். ஒனக்கும் ஒண்ணு குடுத்தேன். நீ திங்காம முந்தியில முடிஞ்சு வச்சுக்கிட்டே. எனக்கு ஞாபகம் இருக்கு."

மூக்காயி முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இருந்து சாப்பிடு. பிள்ளைகளப் பாக்க எப்ப வேணாலும் வா. வந்தா ரெண்டு பிள்ளைக்கும் திஷ்டி கழி. இல்லன்னா ஒண்ணுக்கும் கழிக்காத."

அவள் சாப்பிடவில்லை. சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது கொண்டுவந்த பழத்தை ஜீவிதா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவளால் அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

இனி அவன் என்றுதான் சொல்ல வேண்டும். காத்தமுத்துவின் நாக்குக்கு அது படிய ஆடி மாதம் ஆயிற்று. நாகஜோதி இன்றைக்கும் கோபம் வந்தால் "அடியே" என்றுதான் ஆரம்பிப்பாள். பெயருக்கு அவனே வழி சொன்னான். ராமர் வேண்டாம், தமிழரசன் என்று இருக்கட்டும். தமிழு என்று கூப்பிடுவது மாற வேண்டியதில்லை. சான்றிதழில் மாற்றுவதற்கு டாக்டரம்மா கடிதம் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கும் திண்டுக்கல்லுக்குமாக அலைந்ததில் கோடை பாதி போய்விட்டது. மரியசெல்வி டீச்சர் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரிடம் பேசி ஒன்பதாம் வகுப்புக்கு இடம் சொல்லி வைத்தார்.

மிச்சம் இருந்தது தலைமுடி. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. சலூனில் கொண்டுபோய் உட்காரவைத்தால் ஊர் கூடிவிடும். வழி கண்டுபிடித்தது நாகஜோதிதான்.

"பழனிக்குப் போவோம் மாமா. மொட்டைக்கு ஆணென்ன, பொண்ணென்ன. அங்க யாரு கேக்கப் போறா? முடி வளரும்போது தானா வளந்துக்கிட்டு வரட்டும்."

போகிற அன்று காலையில் சீயக்காய் போட்டுத் தலைக்கு ஊற்றினாள். ஈரம் காயவைத்து, சிக்கெடுத்து, பின்னினாள். மொட்டை போடப் போகிற தலைக்கு எதற்கு ஜடை என்று யாரும் கேட்கவில்லை. ஒற்றை ஜடை பின்னி முடித்து, அவிழ்த்து, இரட்டை ஜடை பின்னினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, அம்மா இழுத்த பக்கமெல்லாம் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். ஏழு மணி பஸ் போய், எட்டு மணி பஸ்தான் கிடைத்தது.

முடிக் காணிக்கை மண்டபத்தில் கூட்டமான கூட்டம். முடி எடுப்பவர் பழனிப் பக்கத்துக்காரர். "ஏனுங்க, மொட்டை பாப்பாவுக்குங்களா?" என்றார்.

"எம் பிள்ளைக்கு" என்றாள் நாகஜோதி.

"சரிங்க, உக்காரச் சொல்லுங்க."

முதல் வழிப்பு விழுந்தபோது காத்தமுத்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தானும் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். சந்தனம் பூசிக்கொண்டு அப்பனும் மகனும் வெளியே வந்தபோது, ஜீவிதா இரண்டு தலையையும் மாறி மாறித் தடவிப் பார்த்து, "ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கீங்க" என்று சிரித்தாள். நாலைந்து மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் காத்தமுத்து டிவிஎஸ் வண்டியில் அவனைக் கொடைரோடு பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டார். புதுக் கால்சட்டை, புதுச் சட்டை. தலையில் விரல்கடைக்கு முடி வந்திருந்தது.

திண்டுக்கல் பஸ் வந்து நின்றது. அந்தப் பக்கத்துப் பஸ்களில் முன்படி பெண்களுக்கு, பின்படி ஆண்களுக்கு. எழுதி வைத்த சட்டம் இல்லை, பழக்கம்தான். அவன் பழக்கத்தில் விறுவிறுவென்று முன்படிக்குப் போய்விட்டான். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தவன், அப்படியே நின்றான்.

முன் ஜன்னலில் ஊர்ப் பெண்கள். கட்டின சரத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கு விற்கப் போகிறவர்கள். புவனேஸ்வரியும் இருந்தாள். விஷயம் ஊருக்கெல்லாம் தெரியும். யாரும் நேரில் கேட்டதில்லை. அவளுக்கும் பழக்கம்தான் முந்திக்கொண்டது.

"ஏ தமிழு, ஏறு ஏறு. இங்கன எடம் இருக்கு, வாடி..." என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பஸ்ஸின் அந்தப் பக்கம் முழுக்கப் பேச்சு நின்றுபோனது.

காத்தமுத்து வண்டியை ஸ்டாண்டில் போடக்கூட மறந்து இறங்கப் பார்த்தார். போய் என்ன சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை.

அவன் காலைக் கீழே எடுத்து வைத்தான். "இல்லக்கா" என்றான். குரல் முழுசாகக் கனத்து, இப்போது பிசிறில்லாமல் இருந்தது. "நான் பின்னாடி ஏறிக்கிறேன்."

புவனேஸ்வரி அவனைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டினாள்.

"பின்னாடி கூட்டமா இருக்குய்யா. நின்னுக்கிட்டுத்தான் வரணும். பையக் குடு. நான் மடியில வச்சுக்கிறேன், எறங்கும்போது வாங்கிக்க."

அவன் தோளிலிருந்து பையைக் கழற்றி நீட்டினான். கம்பிக்குள் நுழையாமல் முட்டிய பையை உள்ளேயிருந்து நாலைந்து பெண்கள் கை போட்டுச் சாய்த்து இழுத்து வாங்கினார்கள். ஒருத்தி, "சாப்பாட்டு டப்பா சாயப் போகுது, நிமித்தி வை" என்றாள். அவன் ஓடிப்போய்ப் பின்படியில் தொற்றிக்கொண்டு உள்ளே போனான். பஸ் கிளம்பியது.

பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் காத்தமுத்து வண்டியை ஓரங்கட்டினார். பஸ் பாலம் ஏறி இறங்கி, கண்ணுக்கு மறையும்வரை நின்றார். அதற்குப் பிறகு துண்டை எடுத்து, யாரும் பார்த்தால் பார்க்கட்டும் என்று, அவருக்கு இருந்த இளைய மகளுக்காகவும் போகிற ஒரு மகனுக்காகவும் சேர்த்து ஒரு பாட்டம் அழுதார். அழுது முடித்ததும் லேசாக இருந்தது. வீட்டில் பூ காத்துக் கிடக்கும். வண்டியைத் திருப்பினார்.